செவ்வாய் ஏன் வறண்டது: தூரத்தாலா, உருவத்தாலா?

திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "எங்கள் ஊர்த் தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டின் படத்தையும் செவ்வாயில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்றே தெரியவில்லை. இரண்டும் ஒரே மண்தானா? செவ்வாய் பூமிக்கு அடுத்த கோள்தானே, சூரியனை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனதால்தான் அது இப்படிச் செத்துக் கிடக்கிறதா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தள்ளி இருப்பதும் ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அது இல்லை. செவ்வாய் சின்னதாகப் பிறந்துவிட்டது. அதன் எல்லாக் கஷ்டமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பள்ளிப் புத்தகத்தில் கோள்களைச் சூரியனிலிருந்து வரிசையாக அடுக்கிக் காட்டுவதால், எல்லாவற்றுக்கும் தூரமே காரணம் என்று மனதில் பதிந்துபோகிறது. வெள்ளி சூரியனுக்குப் பக்கம், அதனால் வெந்தது. செவ்வாய் தூரம், அதனால் உறைந்தது. பூமி நடுவில், அதனால் பிழைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. பாதிதான் உண்மை.

சரி, மண்ணுக்கு வருவோம். தேரி மணலை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தால் சிவப்பு ஒட்டிக்கொள்ளும். மணலின் மணி ஒவ்வொன்றும் உள்ளே பெரும்பாலும் குவார்ட்ஸ். அது வெளிறிய நிறம். அதன் மேல் மெல்லிய தோல்போல ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு படிந்திருக்கிறது. மணலோடு கலந்து கிடந்த கார்னெட், இல்மனைட் போன்ற இரும்புச் சத்துள்ள கனிமங்கள் மழையும் வெயிலும் மாறிமாறிப் பட்டுச் சிதைந்ததில் வந்த இரும்பு அது. நம் கடற்கரையில் ஆங்காங்கே மணல் கருஞ்சிவப்பாகத் தெரிவதும் இதே கனிமங்களால்தான். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில், ஆசிரியர் கூட இருக்கும்போது, கொஞ்சம் தேரி மணலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். அமிலம் மஞ்சளாகும், மணல் வெளுக்கும்.

செவ்வாயிலும் சிவப்பு மேற்பூச்சுதான். ஆனால் பூச்சுக்குக் கீழே இருப்பது குவார்ட்ஸ் இல்லை, பசால்ட் என்ற கரிய எரிமலைப் பாறை. கியூரியாசிட்டி ஊர்தி 2013 பிப்ரவரியில் முதன்முறையாக அங்கே ஒரு பாறையைத் துளைத்தது. துளையின் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். வெளியே வந்த தூள் சாம்பல் நிறம்! மேலே செங்கல் நிறம், ஒரு விரல் ஆழத்துக்குள்ளேயே சாம்பல். அங்குள்ள மணல்மேடுகளும் நாம் நினைப்பதுபோலச் சிவப்பு இல்லை. காற்று அசைத்துக்கொண்டே இருக்கும் மேடுகள் கறுத்துத்தான் கிடக்கின்றன, ஏனென்றால் தூசு அவற்றின் மேல் தங்குவதில்லை. கோள் முழுக்கச் சிவப்பாகத் தெரிவது அந்த மாவு போன்ற தூசால். அந்தத் தூசில் இருப்பதும் ஹேமடைட்தான் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதைவிட ஃபெர்ரிஹைட்ரைட் என்ற இன்னோர் இரும்புச் சேர்மமே பொருந்தி வருகிறது என்கிறது. இது முக்கியமான செய்தி, ஏனென்றால் ஃபெர்ரிஹைட்ரைட் உருவாகக் குளிர்ந்த நீர் வேண்டும். அது சரி என்றால், செவ்வாய் துருப்பிடித்தது காய்ந்த பிறகு அல்ல, ஈரம் இருந்த காலத்திலேயே.

ஆக, இரண்டு இடத்திலும் வண்ணம் இரும்பு தந்தது, உடம்பு வேறு. குவார்ட்ஸ் மணல் இவ்வளவு குவிய வேண்டுமானால் கிரானைட் வகைப் பாறைகள் ஏராளமாக வேண்டும். அது பூமியின் சிறப்பு. தேரி மணலும் நம் ஆற்று மணலும் செவ்வாயில் இல்லாத சொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அதன் இடம். சூரியனிலிருந்து நான்காவது கோள், பாறைக் கோள்களில் கடைசி. சராசரித் தூரம் சுமார் 22.8 கோடி கி.மீ.; பூமிக்கு 15 கோடி. அதாவது நம்மைப்போல ஒன்றரை மடங்கு. ஆனால் சராசரியை மட்டும் சொன்னால் செவ்வாயின் குணம் தெரியாது. அதன் பாதை நன்றாக நீண்டது. கிட்டே வரும்போது 20.7 கோடி கி.மீ., எட்டிப் போகும்போது 24.9 கோடி. இந்த நீள்வட்டம்தான் வானியலாளர் கெப்ளரைப் பல ஆண்டுகள் பாடாய்ப் படுத்தியது. அவருக்கு முந்தைய வானியலாளர் டைக்கோ பிராகே அளந்து எழுதி வைத்த செவ்வாயின் நிலைகளை எந்த வட்டத்துக்குள்ளும் அடக்க முடியாமல் திணறி, கடைசியில் கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று அவர் 1609இல் வெளியிட்டார். வேறு கோளை எடுத்திருந்தால் அவருக்கு அது பிடிபட்டிருக்குமா என்பது சந்தேகமே. வெள்ளியின் பாதை கிட்டத்தட்ட வட்டம்.

ஒன்றரை மடங்குத் தூரத்தில் வெயில் எவ்வளவு விழும்? தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும், அதனால் பூமிக்குக் கிடைப்பதில் 43 சதவீதம். குறைவுதான், ஆனால் கோளைச் சாகடிக்கிற குறைவு என்று சொல்ல முடியாது. நாள் நம்முடைய நாள்தான்: 24 மணி 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அச்சின் சாய்வு 25 டிகிரி, நமக்கு 23.4. பருவங்களும் உண்டு, ஆண்டு மட்டும் 687 நாள். இடத்தையும் சுழற்சியையும் மட்டும் பார்த்துச் சம்பந்தம் பேசினால் பூமிக்கு இதைவிடப் பொருத்தமான ஜாதகம் இந்தக் குடும்பத்தில் வேறு இல்லை. (செவ்வாய் தோஷம் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. செவ்வாய்த் தலங்களான கோடகநல்லூருக்கும் திருக்கோளூருக்கும் போய்வாருங்கள், ஆற்றங்கரை ஊர்கள், மனசுக்கு நன்றாக இருக்கும். வானத்தில் இருப்பது வேறு விவகாரம்.)

பொருத்தம் உடைவது எடையில். செவ்வாயின் விட்டம் 6,779 கி.மீ., பூமியில் பாதிக்குச் சற்று மேல். பாதி என்றவுடன் ரொம்பச் சின்னதாகத் தோன்றாது. ஆனால் விட்டம் பாதியானால் கன அளவு எட்டில் ஒரு பங்குக்கு அருகே இறங்கிவிடும். அடர்த்தியும் குறைவு என்பதால் மொத்த எடை பூமியில் பத்தில் ஒரு பங்குதான். பூமி, வெள்ளி இரண்டும் ஏறத்தாழ ஒரே உருவம். அடுத்த இடத்தில் அதே போல இன்னொன்று இருக்க வேண்டியது, திடீரென்று பத்தில் ஒன்றாக ஏன் சுருங்கியது? அதற்கும் அப்பால் சிறுகோள் பட்டையில் உள்ள எல்லாக் கல்லையும் சேர்த்தாலும் நம் நிலாவில் 3 சதவீதம் தேறும். அதற்கடுத்து வியாழன், பூமியைப்போல 318 மடங்கு எடை. இந்த வரிசையைப் பார்த்தாலே யாரோ நடுவில் புகுந்து அள்ளிவிட்டார்கள் என்று தோன்றும்.

சந்தேகம் வியாழன் மேல்தான். 2011இல் முன்வைக்கப்பட்ட ஒரு கணிப்பு இப்படிப் போகிறது: வியாழன் முதலில் உருவாகி, சூரியனைச் சுற்றியிருந்த வாயுத் தட்டுக்குள் மெல்ல உள்நோக்கி நகர்ந்தது. இன்று செவ்வாய் இருக்கும் தூரம் வரை வந்தது. பின்னாலேயே வந்த சனி அதோடு ஒரு தாளத்தில் மாட்டிக்கொள்ள, இரண்டும் சேர்ந்து மீண்டும் வெளியே போயின. வந்து போன வழியில் இருந்த கற்கள் சூரியன் பக்கமும் வெளிப்பக்கமும் சிதறின. பூமிக்கும் வெள்ளிக்கும் தீனி மிஞ்சியது, செவ்வாய்க்கு இல்லை. இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பாறைக் கோள்களுக்கான சரக்கே தொடக்கத்திலிருந்து ஒரு குறுகிய வளையத்தில்தான் இருந்தது, வியாழன் அவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது கதைதான் எளிதாகத் தோன்றுகிறது, ஆனால் தீர்ப்புச் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை.

எந்தக் கதையானாலும், செவ்வாய் வளர்ச்சி நின்றுபோன ஒரு கரு என்பதற்குத் தனியாகச் சான்று இருக்கிறது, அதுவும் நம் நாட்டில் விழுந்த கல் வழியாக. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் ஒரு விண்கல் விழுந்தது. அது செவ்வாயிலிருந்து வந்தது என்று யாருக்கும் அப்போது தெரியாது. அதே இனத்தைச் சேர்ந்த ஒரு கல் பிற்பாடு அண்டார்டிகாவில் கிடைத்தது. அதற்குள் குமிழியாகச் சிக்கியிருந்த வாயுவும், 1976இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி அளந்த காற்றும் ஒத்துப்போயின. அப்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. இப்படிப்பட்ட கற்களுக்கு இன்றும் ஷெர்காட்டைட் என்றுதான் உலகம் முழுக்கப் பெயர். இந்தச் செவ்வாய்க் கற்களில் உள்ள ஹாஃப்னியம், டங்ஸ்டன் அளவுகளை வைத்துக் (ஹாஃப்னியத்தில் ஒரு வகை மெல்லச் சிதைந்து டங்ஸ்டனாக மாறும், அதைக் கடிகாரம்போலப் பயன்படுத்தலாம்) கணக்கிட்டபோது, செவ்வாய் தன் எடையில் பாதியை முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே சேர்த்துவிட்டது என்று தெரிந்தது. பூமி முழுசாக உருவாகப் பல கோடி ஆண்டுகள் பிடித்தன. பூமி சாப்பிட்டு வளர்ந்துகொண்டிருந்த காலமெல்லாம் செவ்வாய் இலையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

சின்னதாக இருந்தால் என்ன கெட்டது? முதலில் சூடு. பந்தியில் கிண்ணத்தில் எடுத்து வைத்த சாம்பார் ஆறி வெகுநேரம் கழித்தும் அண்டாவில் இருப்பது கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் சரக்கோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு அதிகமாக இருப்பது சின்னப் பாத்திரத்தில்தான். செவ்வாயின் உள்சூடு அப்படித்தான் சீக்கிரம் வெளியேறியது. சூடு வேகமாக ஓடும்போது உலோகக் கருவில் சுழற்சி இருக்கும், அந்தச் சுழற்சிதான் காந்தப்புலத்தை உண்டாக்கும். செவ்வாய்க்கும் ஒரு காலத்தில் அது இருந்தது. தென்பாதியின் பழைய பாறைகளில் அந்தக் காந்தம் இன்னும் உறைந்து கிடப்பதை மார்ஸ் குளோபல் சர்வேயர் கலம் கண்டது. ஆனால் பின்னாளில் பெரிய மோதல்களால் உண்டான பள்ளங்களில் அந்தத் தடம் இல்லை. அதை வைத்துத்தான் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கோளின் காந்தம் அணைந்துவிட்டது என்கிறார்கள். உலோகக் கருவின் பெரும்பகுதி இன்னும் உருகித்தான் இருக்கிறது, இன்சைட் கலம் பதிவுசெய்த நிலநடுக்க அலைகள் அதைச் சொல்கின்றன. உருகியிருந்தால் மட்டும் போதாது, சுழல வேண்டும்.

அடுத்தது காற்று. செவ்வாயை விட்டுத் தப்பிப் போக ஒரு பொருளுக்கு நொடிக்கு 5 கி.மீ. வேகம் போதும், பூமியில் 11.2 வேண்டும். பிடிப்பு தளர்ந்த கோள், மேலே காந்தக் குடையும் இல்லை. இளம் சூரியனின் புற ஊதாக் கதிரும் சூரியக் காற்றும் (சூரியன் வீசும் மின்னூட்டத் துகள்கள்) மேல் வளிமண்டலத்தை நேராகத் தாக்கின. மேவன் கலம் 2014 முதல் இதைத்தான் அளந்தது. இன்றைக்கும் நொடிக்குச் சுமார் 100 கிராம் வாயு செவ்வாயை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று 2015இல் அறிவித்தார்கள். 100 கிராம் என்ன பெரிது என்று தோன்றும், ஆனால் இளம் சூரியனின் சீற்றம் இதைவிடப் பல மடங்கு, காலமோ நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள். செவ்வாயின் ஆர்கானில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே போய்விட்டது என்பது அதே கலத்தின் கணக்கு. ஆர்கான் எதோடும் சேராத வாயு, பாறைக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. போனால் வானத்துக்குத்தான் போயிருக்க வேண்டும்.

காந்தக் குடை போனதால்தான் காற்று போனது என்று பல இடங்களில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது அவ்வளவு நேரான விஷயம் இல்லை. வெள்ளிக்கும் சொந்தக் காந்தப்புலம் கிடையாது, ஆனால் அதன் காற்றழுத்தம் நம்மைப்போல 90 மடங்கு. வெள்ளிக்கு எடை இருக்கிறது, இழுத்துப் பிடிக்கிறது. இழந்ததை ஈடுசெய்ய எரிமலைகளும் நெடுங்காலம் கைகொடுத்தன. செவ்வாய்க்குப் பிடிப்பும் குறைவு, எரிமலைகளும் ஓய்ந்தன. அதனால் மறுபடியும் எடையிடமே வந்து நிற்கிறோம்.

காற்று போன பிறகு தண்ணீர் நிற்காது. இப்போது அங்கே காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபார், நம்மிடம் இருப்பதில் 0.6 சதவீதம். அந்த அழுத்தத்தில் பனிக்கட்டி உருகத் தொடங்கும்போதே கொதித்துவிடும். கோடையில் நிலநடுக்கோட்டில் மதியம் 20 டிகிரி செல்சியஸ் வரைகூட ஏறும், அன்றைக்கே இரவு மைனஸ் 70க்குக் கீழே. போர்த்திக்கொள்ளப் போர்வை இல்லை. ஆனால் ஒரு காலத்தில் ஆறு ஓடியது என்பதில் இப்போது யாருக்கும் தகராறு இல்லை. கியூரியாசிட்டி 2012இல் உருண்டு மழமழப்பான கூழாங்கற்களைக் கண்டது, கல்லை அப்படி உருட்டக் கணுக்கால் அளவாவது ஓடும் நீர் வேண்டும். பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரி 18 அன்று இறங்கிய ஜெசரோ பள்ளத்தில் ஓர் ஆறு ஏரிக்குள் விழுந்த இடத்தின் வண்டல் விசிறி அப்படியே காய்ந்து கிடக்கிறது. அந்த நீரில் ஒரு பகுதி துருவங்களிலும் தரைக்கடியிலும் பனியாக இருக்கிறது, ஒரு பகுதி விண்வெளிக்குப் போனது, இன்னொரு பகுதி களிமண் கனிமங்களுக்குள் மாட்டிக்கொண்டது.

இப்போது உங்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள் தம்பி. பூமியையும் செவ்வாயையும் இடம் மாற்றி வைத்தால்? செவ்வாயை நம் இடத்தில் வைத்தால் வெயில் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும், ஆனால் காற்று இன்னும் சீக்கிரம் போயிருக்கும். கொஞ்சம் பெரிய நிலா மாதிரி ஒரு பாலைதான் கிடைக்கும். பூமியை அங்கே வைத்தால் குளிரும், சந்தேகமில்லை. ஆனால் பூமியின் எரிமலைகள் கரியமில வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். குளிரில் மழை குறைந்து, பாறைகள் அந்த வாயுவை உறிஞ்சுவதும் குறையும். வாயு சேர்ந்து சேர்ந்து போர்வை தடித்துக் கொஞ்சம் சூடு திரும்பும். அந்தப் போர்வை முழுக்கப் போதுமா என்பதில் வாதம் உண்டு. செவ்வாயைவிட உயிருள்ள இடமாக இருந்திருக்கும் என்று மட்டும் துணிந்து சொல்லலாம்.

நம் பக்கத்துக்கும் இந்தக் கோளுக்கும் மண்ணின் நிறத்தைவிட நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. பணகுடி, காவல்கிணறு பக்கம் போகிறவர்களுக்கு மகேந்திரகிரி தெரியும். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் எரியும் விகாஸ் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் இடம் அந்த மலையடிவாரம். 2013 நவம்பர் 5 அன்று மங்கள்யானைத் தூக்கிப்போனது பி.எஸ்.எல்.வி. சி25. சுமார் 450 கோடி ரூபாயில் முடித்த அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை எட்டியபோது, பத்து மாதம் சும்மா கிடந்த எஞ்சினை மறுபடி எரிய வைக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் முன்னால் 4 நொடி மட்டும் எரித்துப் பார்த்துவிட்டு, பிறகு 24 நிமிடம் எரித்தார்கள். ஆறு மாத ஆயுள் என்று அனுப்பிய கலம் 2022 வரை தாங்கியது.

இன்னொன்று, ஆடிக் காற்றை வைத்து செவ்வாயின் புயலைக் கணிக்காதீர்கள். அங்கே காற்று நம்முடையதில் அறுபதில் ஒரு பங்கு அடர்த்திதான். 100 கி.மீ. வேகத்தில் அடித்தாலும் இங்கே 13 கி.மீ. காற்று தள்ளுகிற அளவுதான் தள்ளும். ராதாபுரம் காற்றாலையை அங்கே கொண்டுபோய் நட்டால் சும்மா நிற்கும். படங்களில் ராக்கெட்டைச் சாய்க்கும் புயல் வெறும் கற்பனை. ஆனால் தூசைத் தூக்க அது போதும். 2018இல் கோள் முழுக்க எழுந்த தூசு சூரியனை மறைத்ததில், 2004 முதல் ஓடிக்கொண்டிருந்த ஆப்பர்சூனிட்டி ஊர்தியின் சோலார் பலகைகள் ஓய்ந்து, அது பிறகு பேசவே இல்லை.

அங்கே குடியேறலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். கூடாரத்துக்குள் சில பேர் இருக்கலாம். கோளையே மாற்றி வயல் போடுவது இன்றைய நுட்பத்தில் நடக்காது: எடுக்க முடிந்த கரியமில வாயு எல்லாவற்றையும் காற்றில் விட்டாலும் அழுத்தம் நம்முடையதில் 50இல் ஒரு பங்கைத் தாண்டாது என்று 2018இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை வாய்ப்பு வரும், சூரியனும் செவ்வாயும் பூமிக்கு இருபுறமும் நேராக நிற்கும்போது. அடுத்து 2027 பிப்ரவரி 19. அப்போது செவ்வாய் மகம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அது மாசி மகத்தை ஒட்டிய நாட்கள் என்பதால் முழுநிலாவும் அங்கேயே வந்து சேரும். சூரியன் மறைந்ததும் கிழக்கே பாருங்கள், நிலாவுக்குப் பக்கத்தில் மினுக்காமல் செம்மஞ்சளாக இருப்பது செவ்வாய், வெளிர்நீலமாக மினுக்குவது மகம். தூரம் சுமார் 10 கோடி கி.மீ. என்பதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. 2003 ஆகஸ்டில் அது 5.6 கோடி கி.மீ. வரை வந்தது, அதை வைத்துத்தான் "ஆகஸ்டில் செவ்வாய் நிலா அளவு தெரியும்" என்று இன்னும் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது, நம்பாதீர்கள். மறுபடி 5.7 கோடி கி.மீ. வரை நெருங்குவது 2035 செப்டம்பரில். தொலைநோக்கியில் பார்க்க ஆசை இருந்தால், அந்தச் சமயத்தில் கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்தில் ஏற்பாடு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். தேரிக்காட்டிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்கவும் தடையில்லை, விளக்கு வெளிச்சம் குறைவு. முள் மட்டும் பார்த்து நடங்கள்.